ஏழாம் எண் அறை யாருக்கு?

அத்தியாயம் ஐந்து

வாசல் பலகையில் 'முதியோர்' என்ற சொல்லும் இல்லை, 'மறதி' என்ற சொல்லும் இல்லை. 'உங்கள் அன்புக்குரியவரின் அடுத்த அத்தியாயம்' என்று பித்தளை எழுத்தில் பொறித்து, பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியையும் பறக்க விட்டிருந்தார்கள்.

"கடைசி அத்தியாயம்னு போட்டா எவனும் உள்ள வர மாட்டான்னு தெரிஞ்சு வச்சிருக்காங்க, சார்," என்றாள் கத்தரி.

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. மூன்று வாரமாகவே அவர் எதற்கும் சிரிப்பதில்லை.

அவர் தனியார் துப்பறிவாளர். அலுவலகத்துக்குப் பலகை எழுத வந்த ஓவியர் பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் தாராளமாக வரைந்துவிட, பெயர் எழுத இடமில்லாமல் போயிற்று. பதினேழு வருடமாக அதுவே பெயர். கத்தரி அவருடைய உதவியாளர். முன்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பொய் விண்ணப்பங்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள். யார் பேசினாலும் பாதியில் வெட்டுவாள் என்பதால் அங்கேயே கிடைத்த பட்டம் அது. வயது முப்பத்தொன்பதோடு நிற்க, வாய் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

நாற்பத்திரண்டு வழக்குகளை முடித்த இந்தக் கூட்டணி இன்று வந்திருப்பது நாற்பத்து மூன்றாவதுக்காக அல்ல. பூதக்கண்ணாடியின் அக்காவுக்கு இடம் பார்க்க.

அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது, தம்பியைவிடப் பதினொன்று மூப்பு. ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். அவருடைய வண்டி வாசலில் நின்றால் தலைமை ஆசிரியர்கள் பதிவேட்டைத் தேடி ஓடுவார்கள். உள்ளே வந்ததும் அவர் முதலில் கேள்வி கேட்பது தலைமை ஆசிரியரை அல்ல, கூட்டிப் பெருக்குகிறவரை. கணவர் போன பிறகு கல்யாணமாகாத தம்பியோடு வந்து சேர்ந்தார். பன்னிரண்டு வருடமாக ஒரே வீடு. கடைசி இரண்டு வருடமாக மறதியும் அங்கே மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது.

முதலில் சாவி காணாமல் போனது. பிறகு சாவி எதற்கு என்பது காணாமல் போனது. வெறும் பாத்திரம் அடுப்பிலேறிக் கறுத்து ஓட்டையானது. மூன்று மாதத்துக்கு முன்னால் பூதக்கண்ணாடி மெல்ல 'இல்லம்' என்ற பேச்சை எடுத்தார். அக்கா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். பத்து நிமிடத்தில் கோபம் மறந்து போயிற்று. தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்பதும் மறந்து போயிற்று. தச்சர் வந்து கதவைக் கழற்ற மூன்று மணி நேரம் ஆனது. இனி ஒரு மணி நேரம்கூட அவரைத் தனியாக விடாதீர்கள் என்று போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகப் பிரச்சினை இரண்டு. அக்காவுக்குத் தகுந்த இடம் எது என்பது ஒன்று. அந்த இடத்துக்கு அக்காவை எப்படிக் கூட்டி வருவது என்பது மற்றொன்று. ஏற்கெனவே மூன்று இல்லங்களைப் பூதக்கண்ணாடி தள்ளிவிட்டார். முதலாவதில் வாடை. இரண்டாவதில் தொலைக்காட்சியின் அலறல். மூன்றாவதில் ஒரு கட்டிலின் கால் அரை விரல் குட்டையாம். அவர் தேடுவது இல்லத்தை அல்ல, குறையை என்பது கத்தரிக்குத் தெரிந்தே இருந்தது. குறை கிடைத்தால்தான் அக்கா இன்னொரு வாரம் வீட்டில் இருப்பார்.

இங்கே ஏழாம் எண் அறை ஒன்றுதான் காலி. மாலை ஐந்துக்குள் சொல்லாவிட்டால் அடுத்தவருக்கு. இப்போது மணி மூன்று. அக்காவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரரை அவருடைய இயந்திரத்தோடு உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

வரவேற்பு மேசையில் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. கத்தரி கையெழுத்துப் போட்டாள். காப்பீட்டு அலுவலகத்துப் பழக்கம் போகாமல், பழைய பக்கங்களையும் ஒரு புரட்டுப் புரட்டினாள். எல்லாம் நூலில் கட்டிய ஒரே பேனாவின் நீல மை. அங்கங்கே மட்டும் ஒரு பச்சை. சொந்தப் பேனா வைத்திருக்கும் யாரோ பெரிய மனிதர் போலும் என்று மூடிவிட்டாள்.

வரவேற்பாளர் பூதக்கண்ணாடியைப் பார்த்ததும் எழுந்து ஓடி, கைவைத்த நாற்காலி ஒன்றை இழுத்து வந்தாள். அவரை உட்கார வைத்துவிட்டு, "சாப்பிட்டாரா?" என்று கத்தரியிடம் கேட்டாள்.

"யாரு?"

"சார்தான்."

"அதை என்கிட்டயே கேக்கலாமே," என்றார் பூதக்கண்ணாடி.

அவள் உடனே குனிந்து, அவருடைய காதுக்கு அருகே வாயைக் கொண்டுபோய், ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து அதே கேள்வியைக் கேட்டாள். அவர் சாப்பிட்டாயிற்று என்றார். "சமத்து," என்றாள் அவள். பிறகு ரொம்ப சாதாரணமாக, இன்று என்ன கிழமை என்று விசாரித்தாள்.

"புதன்," என்றார் அவர், அறுபத்தோரு வயது அதிகாரத்தோடு.

அவர் தலைக்கு மேலே, குழந்தையின் உயரத்துக்கு எழுத்துகள் போட்ட பலகை ஒன்று 'இன்று வியாழன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. கத்தரிக்கு அதில் ஆச்சரியமில்லை. அவருடைய நாட்குறிப்பு, சந்திப்புகள், பல் டாக்டர் தேதி எல்லாம் பதினோரு வருடமாக அவள் கையில். கிழமை என்பது கத்தரி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம் என்பது அவர் எண்ணம். வரவேற்பாளரோ பலகையையும் அவரையும் பார்த்துவிட்டு ஏதோ ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

இயக்குநர் அம்மாள் வந்தார். நடையிலேயே இருபது வருட அனுபவம் இருந்தது. போதாததற்கு வாயாலும் சொன்னார். அவருடைய அகராதியில் நோயாளிகள் 'விருந்தினர்', சாப்பாட்டுக் கூடம் 'சுவையரங்கம்', நடைபாதை 'அமைதிச் சுற்று'. கழிவறைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அவசரத்துக்கு அது ஞாபகம் வராது என்று கத்தரி கருதினாள்.

"ஆளைப் பார்த்த மாத்திரத்துல எந்தக் கட்டத்துல இருக்காங்கன்னு சொல்லிடுவேன்," என்ற இயக்குநர், பூதக்கண்ணாடியைப் பார்த்துக் கண்ணாலேயே பெருமூச்சு விட்டார். பிறகு கத்தரி பக்கம் திரும்பி ரகசியமாகக் கண்ணைச் சிமிட்டினார். எதற்கு என்று கத்தரிக்குப் புரியவில்லை. வைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் ஒன்று சிமிட்டி வைத்தாள்.

அமைதிச் சுற்றின் முடிவில் ஒரு புத்தக அலமாரி இருந்தது. குறை தேடி வந்தவர் அதன் முன்னால் நின்றார். தூசி இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடித்த புத்தகத்தை உருவப் போனார். விரல் வழுக்கிற்று. இரண்டாம் முறை நகத்தால் நெம்பினார். அது அலமாரியே இல்லை, வெளிவாசல் கதவு. கதவு கண்ணில் பட்டால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற தவிப்பு வரும், அதனால் புத்தகமாக வரைந்துவிட்டோம் என்று விளக்கிய இயக்குநர், "சாரே ரெண்டு தடவை இழுத்துட்டாரு பாருங்க," என்று கத்தரியிடம் அனுதாபத்தோடு முடித்தார்.

"படிக்கிற பழக்கம் அவருக்கு அவ்வளவா கிடையாது. அதான் புஸ்தகத்தை அடையாளம் தெரியல," என்றாள் கத்தரி.

ஏழாம் அறையின் கதவை அட்டெண்டர் திறந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும் அந்தப் பெண்மணி அதிகம் பேசுகிறவராகத் தெரியவில்லை. இயக்குநர் இருக்கும் இடத்தில் அதற்கு வாய்ப்பும் இல்லை. இயக்குநரைத் தொலைபேசி அழைத்துக்கொண்டு போக, அட்டெண்டர் வெளியே நின்றார். அறையில் இவர்கள் இருவரும்.

பூதக்கண்ணாடி தரையில் உட்கார்ந்து கட்டிலின் நாலு காலையும் பார்த்தார். சமமாக இருந்தன. ஜன்னலைத் திறந்து மூடினார். சத்தம் போடவில்லை. மூலையில் மூக்கை வைத்தார். வாடை இல்லை. முகம் வாடிப் போயிற்று. பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன.

அலமாரிக்குள் பெரிய எழுத்தில் ஓர் அட்டை: 'மூக்குக் கண்ணாடி இங்கே.' ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மூக்குக் கண்ணாடியைத் தொலைப்பவர் அவர். போர்வை பருத்தி. கம்பளி பட்டால் அவருக்கு அரிக்கும். ஜன்னலோரம் நாற்காலி வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது. தேநீர்த் தட்டில் இன்னோர் அட்டை: 'சர்க்கரை தனியாக. கலந்து கொடுத்தால் குடிக்க மாட்டார்.' இதெல்லாம் போதாதென்று மேசைமேல் ஒரு பூதக்கண்ணாடி, கைப்பிடியில் நாடா கட்டி.

"கதவைச் சாத்து," என்றார் மெதுவாக.

கத்தரி சாத்தினாள். அவர் முகத்தில் மூன்று வாரமாகக் காணாத வெளிச்சம் வந்திருந்தது. குறை கிடைத்துவிட்டது.

"உளவு," என்றார். "நேத்து நீ போன்ல பேரும் முகவரியும் கொடுத்தே இல்ல? அதை வச்சு ஆள் விட்டு விசாரிச்சிருக்காங்க. குடும்பத்தோட பழக்கவழக்கத்தை எல்லாம் திரட்டி, அறையை ஜோடிச்சு, ஆகா நம்ம வீடு மாதிரியே இருக்கேன்னு மயங்க வைக்கிற தந்திரம். ஆனா அவசரத்துல அக்காவை விட்டுட்டு என்னைப் பத்தி விசாரிச்சுட்டானுங்க, முட்டாப் பசங்க. கத்தரி, நாப்பத்து மூணாவது வழக்கு."

"சார், உங்களுக்கு சர்க்கரை தனியா வேணும்னு தெரிஞ்சது உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு நான்."

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இதையெல்லாம் சொன்னா யார் கேப்பாங்க?"

"அப்ப உளவுதான்."

இரண்டாவது ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் தாண்டிப் போனதைக் கத்தரி கவனித்தாள்.

கதவைப் படாரென்று திறந்து அட்டெண்டரை அழைத்தார். நான் யார் தெரியுமா, துப்பறிவாளன், என்னிடமே விளையாட்டா என்று முழங்கினார். அட்டெண்டர் கொஞ்சமும் பதறவில்லை. தெரியும் சார், மூன்றாம் அறையில் ஒரு நீதிபதி இருக்கிறார், பேச்சுத் துணைக்கு நல்லது என்றார். அதற்காகவே காத்திருந்தது போல நடைபாதையில் நிமிர்ந்த முதுகும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் வந்து நின்று, இரு தரப்பையும் உற்றுப் பார்த்து, வழக்கைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டுப் போனார்.

"நிஜமாவே நீதிபதியா?" என்று கேட்டாள் கத்தரி.

"நிஜமாத்தாம்மா. இங்க யாரும் பொய் சொல்றதில்ல. தேதிதான் தப்பா இருக்கும்."

சத்தம் கேட்டு இயக்குநர் ஓடி வந்தார். பூதக்கண்ணாடி தன் வாதத்தை அடுக்கினார். தான் வந்தது அக்காவுக்காக. தனக்கு ஒன்றுமில்லை. தன் மூளை நாற்பத்திரண்டு வழக்கு பார்த்த மூளை. தன்னை வேவு பார்த்திருக்கிறார்கள். அறையிலுள்ள ஒவ்வொரு சாமானும் அதற்குச் சாட்சி. அவர் சொல்லச் சொல்ல இயக்குநரின் முகத்தில் கருணை பெருகிக்கொண்டே போனது.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, சார்," என்றார் கனிவாக. "தனக்கு ஒண்ணுமில்ல, வீட்ல இருக்கிறவங்களுக்குத்தான்னு."

கத்தரிக்குச் சிரிப்பு பீறிட்டது. பாதியிலேயே அவள் அதை வெட்டினாள். கைவைத்த நாற்காலி, சமத்து, கிழமை, கண் சிமிட்டல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன.

"ஒரு நிமிஷம். இவர் யாருன்னு நினைச்சீங்க?"

"ஏழாம் அறை," என்றார் இயக்குநர்.

ஒரு மனிதன் தனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? கோபப்பட்டால் அது ஓர் அறிகுறி. அமைதியாக இருந்தால் வேறோர் அறிகுறி. துப்பறிவாளன் என்றால் நீதிபதிக்குப் பேச்சுத் துணை. எத்தனையோ பேரைச் சாட்சிக் கூண்டில் திணற அடித்தவர், ஒரு கிழமையைச் சரியாகச் சொல்லாத குற்றத்துக்காக வாயடைத்துப் போனார்.

யார் சொன்னது என்று கத்தரி கேட்டாள். சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார் இயக்குநர். கத்தரி வாதாடவில்லை. தேநீர்த் தட்டிலிருந்த அட்டையை எடுத்தாள், காப்பீட்டு விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்ப்பது போலத் திருப்பினாள். பின்பக்கம் மூலையில் சின்னதாக ஒரு சரிக்குறி. அலமாரி அட்டையைத் திருப்பினாள். அதிலும் ஒன்று. இரண்டும் பச்சை மை.

வருகைப் பதிவேட்டின் பச்சை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் அட்டையைப் பூதக்கண்ணாடியிடம் நீட்டினாள்.

அந்தச் சரிக்குறியை அவருக்குத் தெரியும். வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, முடிவில் மேலே சீறிப் போகும் வால். ஐந்து வயதில் அவருடைய சிலேட்டில் விழுந்த குறி. நேற்றுக்கூடப் பால் கணக்கு நோட்டில் விழுந்த குறி. ஆய்வாளரான நாளிலிருந்து அக்காவின் கைப்பையில் பச்சை மைப் பேனா ஒன்று உண்டு.

பூதக்கண்ணாடி கட்டிலில் உட்கார்ந்தார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று இயக்குநர் கோப்பை எடுத்து வந்தார். அக்கா வந்தது ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. முதல் தடவை ஏழு மாதத்துக்கு முன்னால், பஸ் ஏறி, தனியாக, கம்பீரமாக. பூதக்கண்ணாடி இந்த இல்லத்தின் விளம்பரத் தாளை வாங்கி வந்து, அக்கா கண்ணில் படாமலிருக்க அகராதிக்குள் ஒளித்து வைத்த அதே வாரம். அன்றே ஏழாம் அறையைப் பிடித்து வைத்தார்; அந்தக் கெடுதான் இன்று ஐந்து மணியோடு முடிகிறது.

"தம்பி தனக்காக இடம் பார்க்கிறான், என்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டு ஒளிச்சு வச்சிருக்கான்னு சொன்னாங்க," என்றார் இயக்குநர். "தனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம், மனசு உடைஞ்சுடுவான்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அறிகுறி எல்லாம் எவ்வளவு துல்லியமா எழுதிக் கொடுத்திருக்காங்க, நீங்களே பாருங்க."

விண்ணப்பத்தைக் கத்தரி வாங்கி வாசித்தாள். பச்சை மையில், வரிசை எண் போட்டு, ஒவ்வொரு தடவை வந்தபோதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுதியிருந்தது.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அணைத்த அடுப்பைப் போய்ப் போய்ப் பார்க்கிறான். என் சாவிகளை எடுத்து ஒளித்து வைக்கிறான். நான் தெருவில் இறங்கினால் பின்னாலேயே வருகிறான், தனியாக இருக்கப் பயம். குளியலறைத் தாழ்ப்பாளைக் காரணமில்லாமல் கழற்றிப் போட்டுவிட்டான். சில நாள் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, சமையலறையில் உட்கார்ந்து அழுகிறான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கடைசி வரியைக் கத்தரி முழுதாக வாசிக்கவில்லை. பாதியில் வெட்டினாள். மீதியை அவரே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

"துப்பு எல்லாம் சரி," என்றார் பூதக்கண்ணாடி. "ஒண்ணுகூட பொய் இல்ல. ஆள்தான் மாறிப்போச்சு."

கோப்பில் இன்னும் நான்கு தாள் இருந்தன. அக்கா வெறுமனே வந்து போகவில்லை, ஆய்வு செய்திருந்தார். முதல் தாளில் பதினான்கு கேள்வி, எதிரே மதிப்பெண். சமையலறைக்கு எட்டு. கழிவறைக்கு ஒன்பது. அட்டெண்டருக்குப் பத்து. இயக்குநர் என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் இரண்டு பிரிவு: பேச்சுக்குப் பத்து, விஷயத்துக்கு நாலு. அந்த இடத்தில் இயக்குநர் தாளைச் சட்டென்று திருப்பினார். இரண்டாம் தாளில் ஒன்பது கேள்விதான், எல்லாம் முதல் தாளிலிருந்தவை. எழுத்து லேசாகச் சரிந்திருந்தது. மூன்றாவதில் ஐந்து. இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த நாலாவது தடவை, ஜோடி மாறிய செருப்புகளைப் போட்டுக்கொண்டு நடந்தே வந்திருந்தார். திரும்பும்போது இல்லத்து டிரைவர்தான் அவர் வீட்டுத் தெருமுனையில் கொண்டுபோய் விட்டார். அந்தத் தாளில் ஒரே ஒரு கேள்வி. முதல் தாளில் பதினான்காவதாக இருந்த அதே கேள்வி.

'இரவில் விழித்துப் பயந்தால் யார் வருவார்? எத்தனை நிமிடத்தில்?'

"நான் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன்," என்றார் பூதக்கண்ணாடி. "அக்காவுக்கு அது நல்லாத் தெரியும். ராத்திரி முழிச்சுக்கிறது அவங்கதான். பயப்படறாங்கன்னு எனக்கு..."

கதவோரம் நின்ற அட்டெண்டர் அப்போதுதான் வாய் திறந்தார். தன் நாற்காலியிலிருந்து இந்தக் கட்டிலுக்கு இருபத்திரண்டு அடி வைக்க வேண்டும். அக்கா கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு தன்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். அரை நிமிடம். சரிக்குறி போட்டார். நாலாவது தடவை வந்தபோது நாலு முறை நடக்கச் சொன்னார். நாலு முறையும் நடந்தேன் என்றார்.

"எனக்கு மூணாவது தடவையே தெரிஞ்சுபோச்சும்மா, யாருக்கு இடம் பார்க்கிறாங்கன்னு," என்றார் கத்தரியிடம்.

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் இயக்குநர்.

"நீங்கதான் பார்த்த மாத்திரத்துல சொல்லிடுவீங்களே, மேடம்."

இருபது வருட அனுபவம் கோப்பை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கியது.

மணி நாலரை. முதல் பிரச்சினைக்கு விடை கிடைத்துவிட்டது. தம்பி மூன்று வாரமாக அலைந்தும் செய்ய முடியாததை அக்கா பஸ்ஸில் வந்து செய்து முடித்திருந்தார். கட்டில் காலைப் பார்த்துப் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டு, மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட்டாயிற்று. இனி இந்த இடத்தில் குறை சொல்வதென்றால் அக்காவின் ஆய்வறிக்கையில் குறை சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் வந்ததில்லை.

நாற்பத்திரண்டு வழக்கிலும் கடைசியில் கையைப் பிடித்து இழுத்துப் போக ஒரு குற்றவாளி இருந்தான். கத்தரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். இங்கே கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேனாவை எடுத்தார். விண்ணப்பத்தில் பெயரை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதிவிடலாம், அறையின் அட்டைகளையும் மாற்றிவிடலாம் என்றார்.

"மாத்தாதீங்க," என்றார் பூதக்கண்ணாடி.

"சார்?" என்றாள் கத்தரி.

"தனக்குன்னு சொன்னா அக்கா வாசப்படி தாண்ட மாட்டாங்க. எனக்குன்னா, நாலு தடவை வந்திருக்காங்க. கால்ல செருப்பு மாறிப்போன அன்னிக்கும் வழி மாறல." அவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து நீவினார். "அவங்களே என்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்."

"சேர்த்துட்டு வீட்டுக்குக் கிளம்புவாங்களே, சார்?" என்று கேட்டார் அட்டெண்டர்.

"கிளம்ப மாட்டாங்க. என்னைத் தனியா விட்டுட்டு அக்கா எங்கயும் போனதில்ல."

"அது சரி. நீங்க கிளம்பறப்ப?"

அவர் மடித்த போர்வையை மறுபடி பிரித்தார். அட்டெண்டரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. இரண்டு கட்டில் போட முடியுமா என்று கேட்க வாயெடுத்த கத்தரி, அறையின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

"காலையில மறந்துடுவாங்க, சார்," என்றாள் அதற்குப் பதிலாக.

"காலையில திரும்பக் கேப்பேன். நானும்தான் கேட்டதையே கேக்கிறவனாச்சே. எழுதியே வச்சிருக்காங்க."

அது நகைச்சுவை. மூன்று வாரத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை. சிரிக்க வேண்டியது உதவியாளரின் கடமை. கத்தரி முயன்று பார்த்துவிட்டு, கைப்பையில் தொலைபேசியைத் தேடுகிறவளாகக் குனிந்துகொண்டாள்.

வீட்டு எண்ணை அழைத்தாள். தையல்காரர் எடுத்தார். அக்கா காலையிலிருந்து தன்னுடைய தையலுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பதாகவும், இன்னும் மூன்றைத் தாண்டவில்லை என்றும் முறையிட்டார். அக்காவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, கத்தரி தொலைபேசியை அவரிடம் நீட்டினாள்.

"அக்கா," என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது. நடிப்புக்காக என்று இயக்குநர் நினைத்திருக்கலாம்.

"எங்கடா போனே? சாப்பிட்டியா?" அந்தச் சின்ன அறையில் அக்காவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சாப்பிட்டேன்க்கா. அக்கா, நாளைக்கு என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறியா? கொஞ்ச நாள் தங்கற மாதிரி இடம். எனக்கு எல்லாம் மறந்து மறந்து போகுது. தனியா போக பயமா இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. தையல் இயந்திரம் மட்டும் எங்கோ ஓடி நின்றது. மறந்துவிட்டு வேறெங்கோ போய்விட்டாரோ என்று கத்தரி பயந்தபோது குரல் திரும்பி வந்தது. கூட்டிப் பெருக்குகிறவர்களிடம் மட்டும் ஆய்வாளர் பேசும் அந்தத் தணிந்த குரல்.

"எனக்கு எப்பவோ தெரியும்டா. நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன். பயப்படாதே. நல்ல இடமாத்தான் பார்த்து வச்சிருக்கேன். பத்து மணிக்குக் கிளம்பிடலாம். அந்தக் கிழிஞ்ச காலர் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்காதே."

"சரிக்கா."

"நான் கூடவே இருக்கேன். என்ன?"

"சரிக்கா."

"எங்க, இன்னிக்கு என்ன கிழமை, சொல்லு பார்ப்போம்."

திறந்திருந்த கதவு வழியாக, நடைபாதையின் கோடியில் அந்தப் பலகை தெரிந்தது. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். பூதக்கண்ணாடி அதை நன்றாகப் பார்த்தார்.

"புதன்," என்றார்.

"செவ்வாய்டா," என்றார் அக்கா, ரொம்பப் பிரியமாக. "செவ்வாய். பாத்தியா, உனக்கு ஒண்ணுமே ஞாபகம் நிக்கிறதில்ல."

"ஆமாக்கா," என்றார்.